கட்டிலோரத் தொட்டில்: இரண்டு பிள்ளைகளும் படுத்தெழும்பிய பிறகு எழுதுவது

பெட்சைட் கொட் என்று கடைகளில் விற்கிற கட்டிலோரத் தொட்டிலை வாங்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது "உங்கட கட்டில் தரையிலிருந்து எவ்வளவு உயரம்?" என்றுதான். அநேகமாக யாருக்கும் தெரியாது. விலை தெரியும், நிறம் தெரியும், சில்லு இருக்கிறதா என்று தெரியும். கட்டிலை அளந்தவர் மட்டும் இல்லை. அந்தத் தொட்டிலின் பயனில் பாதி அந்த அளவில்தான் இருக்கிறது.

எங்கள் வீடு மட்டக்களப்பில், கல்லடியில். மூத்தவள் 2022 தொடக்கத்தில் பிறந்தாள், சின்னவன் 2024 நடுப்பகுதியில். இருவரும் முதல் அரை வருசம் படுத்தது ஒரே தொட்டிலில்தான். டொலர் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னர், கொழும்பிலிருந்து இணையத்தில் எடுப்பித்தோம். அன்றைய என் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனது. பெயர் பெற்ற இத்தாலிக் கம்பனியுடையது அல்ல, அதே அமைப்பில் வந்த சீனத் தயாரிப்பு. இரும்புச் சட்டம், இரண்டு பக்கமும் வலைத்துணி, ஒரு பக்கத்தைச் சிப் கழற்றி இறக்கினால் கட்டிலோடு ஒட்டும். கால்களில் உயரம் மாற்றும் பூட்டு, கட்டிலோடு இழுத்துக் கட்ட இரண்டு பட்டி. அவ்வளவுதான்.

படத்தில் பார்க்கும்போது இந்தப் பட்டி ஒரு பெரிய விசயமாகத் தெரியாது. எங்கள் கட்டில் கலியாணத்துக்கு அப்பா செய்வித்துத் தந்த மகோகனிக் கட்டில். பக்கவாட்டில் அகலமான பலகை, கீழே இரண்டு லாச்சி. தொட்டிலின் கால் கட்டிலுக்கு அடியில் போக இடமில்லை, பட்டியைச் சுற்றவும் வழியில்லை. கடைசியில் ஒரு பக்க லாச்சியைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டியை மெத்தைக்குக் கீழால் குறுக்கே கொண்டுபோய் மறுபக்கச் சட்டத்தில் மாட்டினோம். கூட வந்த பட்டி நீளம் காணவில்லை, அதே அகலத்தில் தடித்த நைலோன் பட்டி வாங்கி மாற்றினார் கணவர்.

இவ்வளவு பாடு எதற்கென்றால், தொட்டிலுக்கும் கட்டில் மெத்தைக்கும் நடுவில் வெளி விழக்கூடாது. குழந்தை உருண்டு வந்து முகமோ கழுத்தோ அந்த இடுக்கில் சிக்கினால், தானாக வெளியே வர அதற்குத் தெம்பில்லை. வெளி தெரிந்தவுடன் எல்லோருக்கும் கை போவது தலையணைக்கோ சுருட்டிய துவாய்க்கோதான். அது இன்னும் ஆபத்து, முகத்தைப் புதைக்க மெதுவான இடம் ஒன்றைச் செய்து கொடுத்தது போலாகிவிடும். பட்டியை இறுக்கு, இறுகாவிட்டால் பக்கத்தை ஏற்றிச் சிப்பைப் பூட்டித் தனித் தொட்டிலாகப் பயன்படுத்து. வேறு வழி கிடையாது. கட்டிலில் ஆட்கள் ஏறி இறங்க இறங்கப் பட்டி தளரும் என்பதைக் கொஞ்ச நாள் பாவித்தால்தான் தெரியவரும். இரவில் காஸ் மூடியிருக்கா என்று பார்க்கிற மாதிரி, படுக்க முன்னர் இரண்டு கையாலும் தொட்டிலை ஒரு தரம் வெளியே இழுத்துப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

மெத்தை விசயத்தில்தான் வீட்டில் சண்டை. தொட்டிலோடு வந்த மெத்தை மெல்லியது, இறுக்கமானது. அம்மா உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "என்னகா இது, பலகை மாதிரிக் கிடக்கு. பச்சப் புள்ளைக்கு முதுகு நோகாதா?" என்றா. அடுத்த நாளே இலவம்பஞ்சு போட்டுத் தைத்த மெத்தை ஒன்றும், தலை உருண்டையாக வர ஒரு குட்டித் தலையணையும் வந்து சேர்ந்தன. (எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அம்மாவும் அதே வளவுக்குள் இருப்பது வழக்கம் என்பதால், ஆலோசனைக்குத் தூரம் போகத் தேவையில்லை.) நான் சொன்னால் எடுபடாது என்று தெரியும். வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ் அந்தப் பஞ்சு மெத்தையில் தன் முஷ்டியை வைத்து அழுத்தினா. கை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "அம்மா, இந்தக் குழிக்குள்ள மூக்குப் போனா, விட்ட மூச்சையே புள்ள திருப்பி எடுக்கும்" என்றா. அதோடு மெத்தை அலுமாரிக்குப் போனது. தலையணை கொஞ்ச நாள் சண்டை பிடித்துவிட்டுப் பின்னால் போனது.

உண்மையில் விசயம் அந்த ஒரு வசனத்தில் அடங்கிவிட்டது. பச்சைக் குழந்தையின் தலை அதன் உடம்புக்குப் பாரம், கழுத்தில் பலமில்லை. மெதுவான இடத்தில் முகம் புதைந்தால் தலையைத் திருப்பத் தெரியாது. ஆகவே தட்டையான, இறுக்கமான மெத்தை, அதன்மேல் இழுத்துப் பூட்டிய ஒரு விரிப்பு. தலையணை, போர்வை, பொம்மை, சுற்றிவரக் கட்டுகிற மெத்தைத் தடுப்பு ஒன்றும் வேண்டாம். அந்தச் சுற்றுத் தடுப்பையும் சாய்வுப் படுக்கைகளையும் அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டே விற்காமல் செய்துவிட்டார்கள். எங்கள் தொட்டிலிலும் ஒரு பக்கக் காலை உயர்த்திச் சரிவாக்கும் வசதி இருக்கிறது, பால் கக்காமல் இருக்கவாம். சரிவில் குழந்தை வழுகிக் கீழே வரும், நாடி நெஞ்சில் முட்டும், மூச்சுப் பாதை ஒடுங்கும். நாங்கள் அந்தப் பூட்டைத் தொட்டதே இல்லை.

மல்லாக்கப் படுக்க வைத்தால் பால் புரையேறும் என்ற பயம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. மாமி அதற்காகவே ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்லுவா. உடம்பின் அமைப்பைப் பார்த்தால் கதை தலைகீழ். மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கிறது. எதுக்களித்த பால் மேலே ஏறி மூச்சுக்குழலுக்குள் போவது கஷ்டம். கவிழ்ந்து படுத்தால்தான் நிலைமை மாறுகிறது. ஒருக்களித்துப் படுத்த குழந்தை சுலபமாகக் கவிழ்ந்துவிடும். பிரித்தானியாவில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பெரிய பிரசாரம் செய்தார்கள். காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோவது அதன் பிறகு அமெரிக்காவில் பாதிக்கும் கீழே இறங்கியது. இதை மாமிக்குச் சொன்னபோது, "வெள்ளைக்காரன்ட புள்ளைக்கு வேற தொண்டையா?" என்று கேட்டா. வேறில்லை மாமி, அதைத்தான் நானும் சொல்கிறேன்.

வெளிநாட்டு ஆலோசனைகளில் எங்களுக்குச் சரிவராத இடம் வெக்கை. அறை 16 முதல் 20 பாகை வரை இருக்க வேண்டும் என்று பிரித்தானிய வழிகாட்டிகள் சொல்கின்றன. மட்டக்களப்பில் அறை 20 பாகைக்கு வந்தால் நாங்கள் ஸ்வெட்டர் தேட வேண்டும். ஆனால் அந்த ஆலோசனையின் கருத்து இங்கேதான் கூடுதலாகப் பொருந்தும்: குழந்தைக்கு உடம்பு சூடேறக்கூடாது. மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோதுதான் 2022 மின்வெட்டு. மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை போனது. ஃபேன் இல்லாத அந்த இரவுகளில் பக்கத்து வலைத்துணியின் அருமை தெரிந்தது. பலகை அடைத்த தொட்டிலென்றால் காற்று நின்றுபோயிருக்கும். தொப்பி, கையுறை, காலுறை மூன்றையும் கழற்றி, ஒரு மெல்லிய பருத்திச் சட்டையோடு விட்டோம். கை கால் குளிர்ந்திருந்தால் குளிர் என்று நினைக்க வேண்டியதில்லை. பிடரியில் அல்லது நெஞ்சில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தால் தெரியும், வியர்த்துப் பிசுபிசுத்தால் ஒரு துணி குறையுங்கள். பிறகு சோளக காலத்தில் வெக்கையான கச்சான் காற்று அடிக்கும்போதும் இதே கதைதான்.

நுளம்பு வலையைப் பற்றி எந்த விளம்பரத்திலும் ஒரு சொல் இல்லை. டெங்கு உள்ள ஊரில் அதில்லாமல் முடியாது. தொட்டிலுக்கென்று விற்கிற குடை வலையைப் பக்கம் இறக்கிய நிலையில் போட முடியாது. கட்டிலின் பழைய வலை தொட்டில் வரை எட்டாது, எட்டினாலும் ஓரம் தொய்ந்து குழந்தையின் முகத்தில் விழும். வலையின் ஒரு பக்கத்தைப் பிரித்து, அதே துணியில் ஒரு துண்டு கூட்டித் தைப்பித்தோம். மேல் மூலையில் ஒரு வளையம் கூடுதலாக வைத்துத் தொட்டிலுக்கு நேர்மேலே இழுத்துக் கட்டினோம். கீழ் ஓரம் தொட்டிலுக்கு வெளியே தரை வரை தொங்கும், உள்ளே ஒரு நூலும் வராது. நுளம்புச் சுருளை மட்டும் அறைக்குள் விடவில்லை. புகை எதுவாக இருந்தாலும் கைக்குழந்தைக்குக் கூடாது, அப்பாமார் வெளியில் குடித்துவிட்டு வருகிற சிகரட் உட்பட.

ஏணைக்கு வருவோம். இதைச் சொல்லாவிட்டால் எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னதாகாது. விறாந்தைக் கூரையின் வளையில் அம்மா ஏணை கட்டிவிட்டா, மருதமுனைக் கைத்தறிப் பழஞ்சேலையில். இரண்டு பிள்ளைகளும் அதில் விழுந்தவுடன் தூங்கினார்கள். தொட்டிலில் அரை மணி நேரம் சிணுங்குகிறது ஏணையில் இரண்டு ஆட்டலில் அடங்கும். அதை இல்லையென்று சொல்ல நான் வரவில்லை. அம்மாவும் விடமாட்டா: "அஞ்சு புள்ளயையும் ஏணைக்குள்ள போட்டுத்தான் வளத்த நான், மறுகா என்ன?" ஆனால் ஏணைக்குள் குழந்தையின் முதுகு வளைந்துதான் கிடக்கும், நாடி நெஞ்சோடு சேரும், துணி இரண்டு பக்கமும் முகத்தை நோக்கி மூடும். பகலில் அம்மா பக்கத்தில் குந்தியிருந்து கயிற்றைப் பிடித்து ஆட்டும்போது அவவின் கண் அதற்குள்ளேயே இருக்கிறது. இரவில் யார் விழித்திருந்து பார்ப்பது? அதனால் நாங்கள் ஒத்துப்போனது இப்படி: தாலாட்டித் தூங்கப்பண்ண ஏணை, ஆள் பக்கத்தில் இருக்கும் வரை மட்டும். தூக்கம் பிடித்ததும் தொட்டிலுக்கு. மாற்றும்போது பாதி நேரம் எழும்பிவிடும் என்பதும் உண்மைதான். இன்னொன்று, சின்னவனுக்கு ஏணை கட்டிய காலத்தில் மூத்தவளுக்கு இரண்டரை வயது. ஆளில்லாத நேரம் அதற்குள் தலையை விட்டுச் சுற்றி விளையாடப் பார்த்தாள். கழுத்தில் முறுகினால் சத்தம் கூட வராது. அன்றிலிருந்து குழந்தையை எடுத்தவுடன் சேலையைச் சுருட்டி வளைக்கு மேலே போட்டுவிடுவது கட்டாயம்.

தொட்டில் காசுக்குத் தகுந்ததா என்று கேட்டால், முதல் பிரசவம் சீசர் என்பதால் எனக்குத் தகுந்தது. தையலோடு எழும்பி நின்று குனிந்து தூக்கத் தேவையில்லை. படுத்தபடியே கையை நீட்டி இழுத்தெடுத்து, பால் கொடுத்துவிட்டுத் திருப்பி அந்தப் பக்கம் தள்ளிவிடலாம். ஆறு மாதம் வரையாவது குழந்தை தாயின் அறையில், ஆனால் தனிப் படுக்கையில் என்பதுதான் வைத்தியர்களின் ஆலோசனை, அதைக் கஷ்டமில்லாமல் செய்ய வைக்கிறது இந்தச் சாமான். பால் கொடுக்கக் கதிரைக்கோ செற்றிக்கோ போய் அங்கேயே கண்ணயர்வதுதான் மிக ஆபத்து. இது இருந்ததால் நான் செற்றிப் பக்கம் போகவே இல்லை.

பழுதுகளைச் சொல்ல வேண்டும். கடலுக்குக் கிட்ட இருப்பதால் உப்புக் காற்று முதல் வருசமே திருகாணிகளைத் தின்றது. இரண்டாவது பிள்ளைக்கு முன்னர் எல்லாவற்றையும் கறளேறாத ஆணிக்கு மாற்றினோம். சில்லு இரண்டு இறுகிவிட்டது, பரவாயில்லை, தொட்டில் ஓடத் தேவையில்லை. மாரியில் மெத்தைக்குக் கீழ்ப் பலகையில் பூஞ்சணம் பிடிக்கும், வெயில் வருகிற நாளெல்லாம் தூக்கி நிறுத்த வேண்டும். கூட வந்த விரிப்பு ஒன்றே ஒன்று. மூத்திரம் போகிற வேகத்துக்கு அது எந்த மூலைக்கு? அளவெடுத்து நாலு பக்கமும் இலாஸ்டிக் வைத்துத் தைப்பித்தோம். விற்றவருக்கு அனுப்பிய செய்திக்கு இன்றுவரை பதில் இல்லை.

2024 நவம்பர் கடைசி வெள்ளத்தில் சொந்தக்காரர் வீட்டு மேல்மாடிக்குப் போனபோது தொட்டிலையும் மடித்து முச்சக்கர வண்டியில் ஏற்றினோம். அங்கே கட்டில் வேறு உயரம். பக்கத்தை ஏற்றிப் பூட்டித் தனியாக வைத்தோம், பிரச்சினை இல்லை. இந்த மூடும் வசதி இல்லாத மாதிரிகளும் விற்கிறார்கள், நான் அவற்றை வாங்கமாட்டேன்.

இத்தகைய தொட்டிலுக்குப் பெட்டியில் குழந்தையின் நிறை 9 கிலோ வரை என்று போட்டிருக்கும். நிறையை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். கையை ஊன்றி எழும்பப் பார்க்கிற அன்றே அதன் காலம் முடிந்தது. மூத்தவள் நிதானமாக வந்தாள், சின்னவன் நிறை வருவதற்கு முன்னரே ஊன்றிவிட்டான். அடுத்தது ஓடாவியிடம் செய்வித்த மரத் தொட்டில். சட்டங்களுக்கிடையில் 6 சென்ரிமீற்றருக்கு மேல் வரக்கூடாது என்று அடிமட்டத்தோடு போய் நின்றேன். அதற்கு மேல் போனால் உடம்பு நுழைந்து தலை மாட்டும். ஓடாவி நாலு மூலையிலும் கும்பம் கடைந்து தருகிறேன் என்றார், வேண்டாமென்றேன், சட்டை மாட்டிக்கொள்ளும். இறக்கி ஏற்றும் பக்கமும் வேண்டாமென்றேன். அந்த வகையை அமெரிக்காவில் 2011இலேயே நிறுத்திவிட்டார்கள். மெத்தை இறுக்கமான தும்பு மெத்தை, ஓரத்தில் இரண்டு விரல் கூட நுழையாத அளவில். வார்னிஷ் மணம் போகும்வரை தொட்டில் விறாந்தையில் நின்றது.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பாயில் படுக்கிற சொந்தக்காரர் ஒருவர் இதை வாங்க வேண்டுமா என்று கேட்டார். தேவையில்லை. இது கட்டில் வீட்டுக்குச் செய்த சாமான். தாயின் பாய்க்குப் பக்கத்தில், அதோடு சேராமல், குழந்தைக்கென்று மெல்லிய இறுக்கமான விரிப்பு, தொய்யாத வலை, தலையணை போர்வை இல்லாத இடம் இருந்தால் போதும். பூரான் வருகிற வீடென்றால் மட்டும் தரையை விட்டு உயர்த்துங்கள்.

எங்கள் தொட்டில் இப்போது காரைதீவில் தங்கச்சி வீட்டில். மெத்தையைக் கொடுக்கவில்லை, இரண்டு பிள்ளை படுத்து நடுவில் தாழ்ந்துவிட்டது, அவள் புதிதாக வெட்டுவித்தாள். அவளுடைய கட்டில் தாழ்வு, தொட்டிலை ஆகக் கீழ்ப் பூட்டில் வைத்தாலும் நாலு விரல் உயர்ந்து நிற்கிறது. இப்படியே பக்கத்தை இறக்கினால் குழந்தை கட்டிலுக்கு உருளும். கட்டில் காலுக்குக் கட்டை வைத்து உயர்த்த ஓடாவிக்குச் சொல்லியிருக்கிறாள். அவர் வரும்வரை பக்கம் பூட்டியபடியே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.