இரண்டு நாள் தலைமைத்துவப் பயிற்சி: உருப்படியாகக் கிடைத்தது ஒரு தாள்

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எனக்குக் கீழே 18 பேர். போன மாதம் அன்போடும் உண்மையோடும் தலைமை தாங்குவது எப்படி என்று ஒரு பயிற்சிக்கு எங்களில் நாலு பேரை, பத்து பிரிங்கி என்ற கடற்கரைப் பகுதியில் ஒரு ஹோட்டலுக்கு அனுப்பினார்கள். நடத்தியவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை, குறைதான் அதிகம் இருக்கிறது.

காசு எங்களுடையது இல்லை. பத்துப் பேரும் அதற்கு மேலும் மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் கம்பெனிகள் சம்பளக் கணக்கில் 1 விழுக்காடு எச்ஆர்டி கோர்ப் என்ற அரசாங்கப் பயிற்சி நிதி அமைப்புக்கு லெவி கட்டுகின்றன. அதிலிருந்துதான் இந்த மாதிரிப் பயிற்சிக்கு எடுக்கிறார்கள். சும்மாதானே என்று போய்விடாதீர்கள். இரண்டு நாள் லைனில் இல்லாததற்கு, திரும்பி வந்து ஒரு வாரம் ரிஜெக்ட் ஆன பொருட்களின் கணக்குப் பார்த்தேன்.

சாப்பாடு நன்று. கறிபாப் சூடாக வந்தது. ஏர்கோன்தான் பிணவறை மாதிரி.

முதல் நாள் மதியம் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து, பக்கத்தில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து "ஐ லவ் யூ" சொல்லச் சொன்னார் பயிற்சியாளர். எனக்குப் பக்கத்தில் யாரோ ஒரு கிடங்கு மேனேஜர், காலையில்தான் முதல்முறை பார்க்கிறேன். கட்டிய புருஷனிடமே நான் அதைச் சொன்னதில்லை, "சாப்பிட்டீங்களா" என்பதோடு சரி. நடிக்காதே என்று சொல்லித்தர வந்தவர்கள் முதலில் செய்ய வைத்ததே நடிப்பு.

இரண்டாம் நாள் கொடுத்த தாளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜொஹாரி சன்னல் என்று பெயர். 1955இல் ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கியது. ஜோ, ஹாரி இரண்டையும் சேர்த்தால் ஜொஹாரி. குணங்களைச் சொல்லும் 56 சொற்கள் இருக்கும். நமக்குப் பொருந்துவதாக நாம் சிலவற்றைக் குறிக்க வேண்டும், நம்மைத் தெரிந்தவர்களும் நமக்காகக் குறிப்பார்கள். இருவரும் குறித்தது திறந்த கட்டம். நாம் மட்டும் குறித்தது மறைத்த கட்டம். மற்றவர்கள் மட்டும் குறித்தது நம் கண்ணுக்குத் தெரியாத கட்டம். யாருமே குறிக்காதது நாலாவது.

ஆனால் அங்கே எனக்காகக் குறித்தவர்கள் என்னை ஒன்றரை நாள் பார்த்தவர்கள். அதில் என்ன தெரியும்? தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, மலாயிலும் தமிழிலும் எழுதி, பெயர் போட வேண்டாம் என்று சொல்லி என் ஆட்களிடம் கொடுத்தேன். 11 பேர் திருப்பிக் கொடுத்தார்கள்.

நான் எனக்குக் குறித்ததில் முதலாவது "நிதானம்". ஒருவர்கூட அதைத் தொடவில்லை. "டென்ஷன்" 7 பேர். "பாசம்" 4 பேர். அதை நான் வெட்கப்பட்டுக் குறிக்காமல் விட்டிருந்தேன். இரண்டும் ஒரே கட்டத்தில், என் கண்ணுக்குத் தெரியாத கட்டத்தில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

கேண்டீனில் ஒரு பெண்ணிடம் மெல்லக் கேட்டேன். "அக்கா, நீங்க லீவு கொடுத்துடுவீங்க. ஆனா கேக்க வர்றதுக்குள்ள எங்களுக்கு வயித்தைக் கலக்கும்" என்றாள். அம்மாவுக்கு டயாலிசிஸ் என்று மூன்று முறை லீவு கேட்டு வந்தவள் அவள். மூன்று முறையும் கையெழுத்துப் போட்டேன், மூன்று முறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒப்பரேட்டரிடம் சிரித்தால் தலைமேல் ஏறிவிடுவார்கள் என்று என் பழைய மேனேஜர் சொல்லிக் கொடுத்தது. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், அவர் முகத்தை நான்தான் ஆறு வருடமாக மாட்டிக்கொண்டு திரிகிறேன்.

சரி, போகலாமா என்று கேட்டால்: கம்பெனி அனுப்பினால் இரண்டாம் நாள் காலை மட்டும் கவனமாக உட்காருங்கள். வட்டம் போடும் நேரத்தில் கழிவறை வலப்பக்கம், லிப்ட்டைத் தாண்டி. தாளை நைட் ஷிப்ட் சூப்பர்வைசர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், இன்னும் திருப்பித் தரவில்லை.