மூன்று அப்பாக்கள், ஒரு கேத்தரின்

போன ஓகஸ்ட் விடுமுறையில் ஹட்டன் பக்கம் ஒரு வாரம் மழை விடவேயில்லை. வெளியே போக வழியில்லாமல், பென் டிரைவில் கிடந்த இரண்டு பழைய ஆங்கிலப் படங்களை அம்மாவின் அம்மாவான அம்மாயியோடு உட்கார்ந்து பார்த்தேன். இரண்டும் ஒரே கதை. ஒன்று 1949ல் வில்லியம் வைலர் எடுத்த 'தி ஏரஸ்'. மற்றது 1997ல் அக்னியெஷ்கா ஹோலண்ட் எடுத்த 'வாஷிங்டன் ஸ்கொயர்'. மூலம், ஹென்றி ஜேம்ஸ் எழுதி 1880ல் வெளிவந்த சின்ன நாவல். அதை நான் முன்பே படித்திருந்தேன். அம்மாயிக்கு ஆங்கிலம் தெரியாது. நான் வரிக்கு வரி சொல்லச் சொல்ல, அவர் வெற்றிலையை மென்றுகொண்டே தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார். இந்த அலசலில் பாதி அவருடையது. முடிவையும் சொல்லப்போகிறேன், தெரிய வேண்டாம் என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

கதை இவ்வளவுதான். நியூயோர்க், 1840கள். டொக்டர் ஸ்லோப்பர் பேர்போன வைத்தியர், பணக்காரர், மனைவியை இழந்தவர். ஒரே மகள் கேத்தரின். அழகி என்று சொல்ல முடியாது, சபையில் பேசவும் வராது. அம்மா வழியில் அவளுக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டொலர் வருகிறது. அப்பா போனபிறகு இன்னும் இருபதாயிரம் சேரும். இந்த நேரத்தில் மோரிஸ் டவுன்சென்ட் வருகிறான். கைப்பணத்தைத் தின்று தீர்த்தவன், வேலை கிடையாது, ஆனால் பேச்சும் முகமும் அப்படி. இவன் வந்தது பணத்துக்குத்தான் என்கிறார் அப்பா. தனக்காகத்தான் வந்தான் என்று நம்புகிறாள் மகள்.

அந்தப் பெண் மாளிகையில் உட்கார்ந்து எம்பிராய்டரி போட்டுக்கொண்டிருந்த அதே பத்தாண்டில்தான் எங்கள் ஆட்கள் கோப்பித் தோட்டத்துக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்தார்கள். அந்த உலகத்துக்கும் எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கும் என்ன சம்பந்தம், அம்மாயிக்குப் பிடிக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் பத்தாயிரம், இருபதாயிரம் என்ற கணக்கைச் சொன்னவுடனே அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "ஈபிஎஃப் காசு வருதுன்னு தெரிஞ்சு வந்த மாப்பிள்ள மாதிரின்னு சொல்லு." ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு வருஷக்கணக்கில் போராடிய இடத்தில் சொத்து என்றால் வேலையை விடும்போது வரும் அந்த ஒரு தொகைதான். அது கைக்கு வரும் வருஷத்தில் எந்தெந்த உறவெல்லாம் படியேறி வரும் என்பதைத் தோட்டத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்தக் கதையின் முடிச்சு காதலனிடம் இல்லை என்பது என் கட்சி. மோரிஸ் பணத்துக்கு வந்தவன்தான். மூன்றிலும் அதுதான் உண்மை. அப்பா கணித்தது சரி. சரியாகக் கணித்த அந்த மனிதர்தான் மகளை அவனைவிட மோசமாக உடைக்கிறார். இது எங்கே நமக்கு உறைக்கிறது என்பதை வைத்துத்தான் மூன்றையும் ஒப்பிட வேண்டும்.

நாவலிலிருந்து தொடங்கலாம். அங்கே கதைசொல்லியின் குரலே டொக்டரின் குரல் மாதிரிதான், கூர்மையும் கிண்டலுமாக ஓடும். கேத்தரின் ஒரு விருந்துக்குத் தங்கச் சரிகை வைத்த சிவப்பு சாட்டின் உடுப்புப் போட்டுக்கொண்டு வருவாள். வருஷம் எண்பதாயிரம் வருமானம் உள்ளவள் போல இருக்கிறாயே என்பார் அப்பா. நமக்கும் சிரிப்பு வந்துவிடும். இப்படி நூறு பக்கம் அவரோடு சேர்ந்து சிரித்தபிறகு, ஓர் இடத்தில் சுருக்கென்று படும்: இவ்வளவு நேரமும் நானும் இந்தப் பெண்ணைக் கேலி செய்துகொண்டா இருந்தேன்? இந்தக் கூச்சத்தை இரண்டு படமும் தரவில்லை. தரவும் முடியாது. கமரா முதல் காட்சியிலேயே அவள் பக்கம் போய் நின்றுவிடுகிறது.

1949 படம் அதே சிவப்பு உடுப்பை வேறு மாதிரிப் பயன்படுத்துகிறது. அம்மாவுக்குப் பிடித்த நிறமென்று ஆசை ஆசையாகப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள். உன் அம்மா சிவந்த நிறத்தவள், அந்த நிறத்தையே அவள் அடக்கி ஆண்டாள் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறார் அப்பா. அவ்வளவுதான். கறுப்பு வெள்ளைப் படம், சிவப்பு கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு அவள் முகத்தில் எது செத்துப்போனது என்பது தெரியும். அப்பாவாக வரும் ரால்ஃப் ரிச்சர்ட்சன் கடைசிவரை குரலை உயர்த்துவதேயில்லை. வேட்டிமுனை கசங்காமல் கொலை செய்கிற ஆட்கள் உண்டே, அந்த ரகம். நாவலைப் பிறகு நாடகமாக எழுதியவர்கள் ரூத், ஒகஸ்டஸ் கோட்ஸ் தம்பதி. அது 1947ல் பிராட்வேயில் ஏறியது, வைலரின் படம் அதிலிருந்துதான் வந்தது. ரிச்சர்ட்சன் லண்டன் மேடையிலும் இதே அப்பாவாக நடித்தவர்.

எங்கள் பக்கத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சரைத்தான் டொக்டர் ஐயா என்பார்கள். அம்மாயி இந்த ஸ்லோப்பரையும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "டொக்டர் ஐயா நோயக் கண்டுபுடிச்சிட்டாரு. மருந்துதான் குடுக்கத் தெரியல."

1997 படத்தின் அப்பா ஆல்பர்ட் ஃபின்னி. படம் தொடங்கும்போதே கமரா வாஷிங்டன் சதுக்கத்திலிருந்து வீட்டுக்குள் நுழைந்து, மாடி ஏறி, பிள்ளை பெற்று இறந்து கிடக்கும் தாயிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. 'ஆத்தாள முழுங்கிட்டுப் பொறந்தவ' என்று ஊரில் ஒரு கொடும் சொல் உண்டு. ஹோலண்ட் முதல் ஐந்து நிமிஷத்தில் சொல்வது அதைத்தான். நாவலில் இது இரண்டு வரியில் கடந்துபோகும்: மூத்த ஆண்பிள்ளை மூன்று வயதில் போகிறது, கேத்தரின் பிறந்து ஒரு வாரத்தில் மனைவி போகிறாள். பெரிய வைத்தியரால் தன் வீட்டில் இரண்டு உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. 1997 இதைப் பெரிதாக்குவதால் அப்பா மேல் இரக்கம் வருகிறது. எனக்கு அது இலாபமாகப் படவில்லை. காரணம் தெரிந்த கொடுமையில் பாதிப் பயம் போய்விடுகிறது. அம்மாயி இதை ஒத்துக்கொள்ளவில்லை. "காரணம் தெரிஞ்சாத்தான் புள்ள கோவம் வரும். பொண்டாட்டி செத்ததுக்குக் கைப்புள்ள என்னா பண்ணும்?" சரி, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

சின்ன வயதுக் கேத்தரினை அப்பாவின் பிறந்தநாளுக்குப் பாட நிறுத்துகிற காட்சி 1997ல் மட்டும்தான் உண்டு. வந்தவர்கள் முன்னால் வாய் திறக்க முடியாமல் நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள் என்பதால் எனக்கு அந்தக் காட்சி தாங்கவில்லை. தமிழ்த்தினப் போட்டி மேடைகளில் அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு காட்சியால், ஜெனிஃபர் ஜேசன் லீயின் கேத்தரின் பிறகு எவ்வளவு தடுமாறினாலும் நம்ப முடிகிறது. 1949ன் கேத்தரினான ஒலிவியா டி ஹாவிலண்டை அழகில்லாதவள் என்று நம்பத்தான் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. ஆனால் நம்பியபிறகு அவர் விடுவதில்லை. அந்த வேடத்துக்குத்தான் அவருடைய இரண்டாவது ஒஸ்கார். படத்துக்கு மொத்தம் நான்கு.

மாப்பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1949ல் மொண்ட்கொமரி கிளிஃப்ட். அவர் கண்ணைப் பார்த்தால் எந்த அப்பா சொன்னாலும் பொய்யென்றுதான் தோன்றும், படத்துக்கு அந்தச் சந்தேகம்தான் வேண்டும். 1997ல் பென் சாப்ளின். இவனுக்கு அவள்மேல் உண்மையிலேயே கொஞ்சம் ஆசை இருக்கிறது, பணத்தின்மேல் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்பதுபோல் நடித்திருக்கிறார். ஊரில் காண்கிற மாப்பிள்ளைகளுக்கு இவர்தான் கிட்ட. நாவலில் டொக்டர் மோரிஸின் அக்கா வீட்டுக்கே போய் விசாரிப்பார், நாங்கள் கணக்கப்பிள்ளையிடமும் கோயில் தலைவரிடமும் மாப்பிள்ளை விசாரிப்பதுபோல. விதவை அக்கா, ஐந்து பிள்ளை, அவளிடமே தம்பி ஒட்டிக்கொண்டு சாப்பிடுகிறான். கடைசியில் அக்காவே, அவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்துவிடாதீர்கள் என்று உடைந்து சொல்லிவிடுகிறாள். விசாரணை என்றால் அதுதான் விசாரணை.

தூது போகிற லவீனியா அத்தை மூன்றிலும் உண்டு. 1997ல் மேகி ஸ்மித். அவருக்கு மட்டும் நாங்கள் இரண்டு பேரும் சண்டையில்லாமல் ஓட்டுப் போட்டோம்.

அவன் கைவிடும் இடம்தான் உண்மையான போட்டி. நாவலில் அவன் மெல்ல மெல்லக் கழன்றுகொள்கிறான். ஒரு பயணம் என்கிறான், ஒரு கடிதம் எழுதுகிறான், முடிந்தது. வாழ்க்கையில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். 1949 அதை ஒரே ராத்திரியில் அடைக்கிறது. வெளியே மழை. அப்பாவின் பணம் வேண்டாம், அது இல்லாமலே வருகிறேன் என்று அவளே மோரிஸிடம் சொல்லிவிடுகிறாள். பெட்டி தயார். தெருவில் ஒரு குதிரை வண்டிச் சத்தம் கேட்கிறது, எழுந்து ஓடுகிறாள், அது நிற்காமல் போகிறது. பணம் வராது என்பதை ஏன் வாய்விட்டுச் சொன்னாய் என்று அத்தை தலையில் அடித்துக்கொள்ளும்போதுதான் அவளுக்கே விளங்குகிறது. அந்த நேரம் பார்த்து எங்கள் தகரத்திலும் மழை கொட்டியது. நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன், தேவைப்படவில்லை.

விடிந்தபிறகு அவள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். பாரம் உடம்பில் தெரிய வேண்டுமென்று வைலர் பெட்டிக்குள் புத்தகங்களை அடைத்து வைத்தார் என்று சொல்வார்கள். கொழுந்துக் கூடையோடு நாற்பது வருஷம் மலை ஏறிய அம்மாயிக்கு அதைச் சொன்னேன். "அதான பாத்தேன், முதுகு பொய் சொல்லல" என்றார். எந்த விமர்சகரும் இதைவிட நன்றாகச் சொல்லிவிடப் போவதில்லை.

உயில் விஷயத்தில் மட்டும் நான் நாவல் பக்கம். சாகப்போகிற அப்பா, நான் போனபிறகு அவனைக் கட்டமாட்டேன் என்று சத்தியம் செய் என்கிறார். அவளுக்கு அவனைக் கட்டும் எண்ணமே அப்போது இல்லை. ஆனாலும் சத்தியம் செய்ய மறுக்கிறாள், ஏன் என்றும் சொல்வதில்லை. அவர் உயிலை மாற்றி, அவளுக்கு வரவேண்டியதில் ஐந்தில் ஒன்றை மட்டும் விட்டு, மிச்சத்தை ஆஸ்பத்திரிகளுக்கும் வைத்தியக் கல்லூரிகளுக்கும் எழுதிவிடுகிறார். கேத்தரின் அசையவில்லை. 1949ல் இந்த இடம் ஒரு சண்டைக்காட்சி ஆகிவிடுகிறது. தாளும் பேனாவும் எடுத்து வந்து, எழுதுங்கள் அப்பா என்கிறாள், அவரால் முடியவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாய் திறக்காமல் மறுக்கிற கேத்தரினுக்கு இவள் ஈடில்லை.

கடைசிக் காட்சிக்கு வருவோம். வருஷங்கள் கழித்து மோரிஸ் திரும்பி வருகிறான். 1949ல், ஒரு காலத்தில் அவனுக்கென்று பாரிஸில் வாங்கிய ரூபிப் பொத்தான்களை எடுத்துக் கொடுத்து, ராத்திரி வா, கல்யாணம் செய்துகொள்வோம் என்று அனுப்புகிறாள். வந்து தட்டுகிறான். வேலைக்காரியிடம் தாழ்ப்பாள் போடச் சொல்லிவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு அதே படியில் மேலே போகிறாள், இந்த முறை பாரமில்லாமல். அவன் பேரைச் சொல்லித் தட்டிக்கொண்டேயிருக்கிறான். 1997ல் அந்த வீடு முழுக்கச் சின்னப் பிள்ளைகள், கேத்தரின் அவர்களைப் பார்த்துக்கொள்கிறாள். வந்தவனைக் கோபமில்லாமல் திருப்பி அனுப்புகிறாள். நாவலிலோ இருபது வருஷம் போயிருக்கிறது. மோரிஸ் தடித்து, முடி கொட்டிப்போயிருக்கிறான். அவனை அனுப்பிவிட்டுத் தையலை எடுத்துக்கொண்டு மறுபடி உட்காருகிறாள், ஆயுள் முழுக்க என்பதுபோல.

தோட்டத்தில் தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடத்துக்குப் பிள்ளைக் காம்பரா என்று பேர். 1997 முடிவைப் பார்த்த அம்மாயி, "கடைசியில இவ புள்ளக் காம்பராவுக்கு ஆயாவாப் போயிட்டாளா!" என்று சிரித்தார். கேலி என்று நினைத்தேன். இல்லையாம். என் அம்மா அந்தக் காம்பராவில்தான் வளர்ந்தாராம், அங்கிருந்த ஆயா கல்யாணமே கட்டாதவராம். பிறகு அரைமணி நேரம் அந்த ஆயா கதைதான், படத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஹோலண்டின் முடிவு எனக்குக் கொஞ்சம் இனிப்பாகப்பட்டதைச் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை.

ஒரு ராத்திரிதான் இருக்கிறது என்றால் 1949ஐப் போடுங்கள். கறுப்பு வெள்ளை என்று தள்ளவேண்டாம், பத்து நிமிஷத்தில் மறந்துவிடும். படிக்கிற வயதுப் பெண்பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் 1997 பொருந்தும், அந்தப் பாட்டுக் காட்சிக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் சொல்லிவைக்க வேண்டியிருக்கும். நாவலைக் கடைசியாகப் படியுங்கள். முதலில் படித்தால் இரண்டு படமும் சத்தமாகத் தெரியும், எனக்கு நடந்தது அதுதான்.

எங்கள் வீட்டில் இப்போது அவற்றுக்குப் பேர் தாழ்ப்பாள் படம், புள்ளக் காம்பரா படம். போன வாரம் மறுபடி மழை பிடித்தபோது தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்த அம்மாயி, தாழ்ப்பாள் படத்தைத்தான் போடச் சொன்னார். அதுவும் முழுக்க இல்லை, அவன் கதவைத் தட்டுகிற இடத்திலிருந்து.