மூன்று நகல் ரசீதுப் புத்தகம்: ஐந்து ஊர் மகளிர் குழுவுக்குத் தாங்குமா?

நாகர்கோவில் அச்சகங்களில் ‘ரசீது புக்’ என்று கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் அடித்த மாதிரியைத்தான். ஒரே ஊர், ஒரே பொருளாளர் என்றால் அது போதும். நாகர்கோவில், தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம், குலசேகரம் என்று ஐந்து ஊரில் பெண்கள் தனித்தனிக் குழுவாகப் பிரிவுக்கு, அதாவது நன்கொடை வசூலுக்கு, இறங்கினால் இரண்டே வாரத்தில் கணக்கு சிக்கிவிடும். அதற்கு ஏற்றது, கார்பன் தாள் வைக்காமலே நகல் விழும் என்.சி.ஆர். தாளில் செய்த மூன்று நகல் புத்தகம். ஒரு புத்தகத்துக்கு 50 செட். வெள்ளை கொடுத்தவருக்கு, மஞ்சள் மாவட்டப் பொருளாளருக்கு, ரோஸ் புத்தகத்திலேயே நிற்கும்.

கூடுதல் விலைக்கு நியாயம் செய்வது அந்த மஞ்சள் தாள்தான். இரண்டு நகல் புத்தகத்தில் கணக்குப் பார்க்கப் புத்தகத்தையே நாகர்கோவிலுக்குக் கொண்டுவர வேண்டும். அன்றைக்கு அந்த ஊரில் பிரிவு நின்றுவிடும். இதில் சனிக்கிழமை தோறும் மஞ்சள் தாள்களை எண் வரிசையில் அடுக்கி, பணம் கட்டிய வங்கிச் சலானோடு குத்தி அனுப்பினால் வேலை முடிந்தது. பிழையாக எழுதிய ரசீதின் மூன்று தாளிலும் ‘ரத்து’ என்று எழுதிப் புத்தகத்திலேயே வைக்க வேண்டும். கிழித்துப் போட்டால் அந்த எண்ணில் வாங்கிய பணம் எங்கே என்ற கேள்வி வரும், பதில் இருக்காது.

இனி குறைகள். மேல்தாளின் அடியில் பூசிய நுண்ணிய குமிழ்கள் பேனா அழுத்தத்தில் உடைந்து, கீழ்த்தாளின் பூச்சோடு சேர்ந்தால்தான் எழுத்து விழும். ஜெல் பேனாவில் எழுதினால் ரோஸ் தாள் வெறுமையாகவே இருக்கும், பால்பாயின்ட் மட்டும்தான். வீட்டு வாசலில் நின்றபடி உள்ளங்கையில் வைத்து எழுதினாலும் மூன்றாவது நகல் மங்கும். புத்தகத்தோடு வரும் மடிப்பு அட்டையை ஒவ்வொரு செட்டுக்கும் அடியில் செருக மறந்தால், அடுத்த ரசீதில் முந்தைய வீட்டுக்காரரின் ஐந்நூறு நிழலாகப் பதிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு யார் பணம் தருவார்? பைண்டிங்கில் நடுத்தாள் தலைகீழாகப் போயிருந்தாலும் நகல் விழாது. கடையில் வாங்கும்போதே புத்தகத்துக்கு ஒரு செட் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது எண். ஊரின் முதல் எழுத்தை வைத்து வரிசை போடலாம் என்பார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது நடக்காது. குளச்சல், குலசேகரம், குழித்துறை மூன்றும் ‘கு’. நாகர்கோவிலுக்கு 1001 முதல், தக்கலைக்கு 2001 முதல் என்று ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து நம்பரிங் கேளுங்கள். எல்லையையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம் குழித்துறை நகராட்சிக்குள் வருகிறது, தக்கலை பத்மநாபபுரம் நகராட்சிக்குள். ஒரே இடத்துக்கு இரண்டு பெயரிலும் குழு வைத்தால், “அக்கா, நேத்துதானே உங்க ஆளுங்க வாங்கிட்டுப் போனாங்க” என்று கடைக்காரர் பழைய ரசீதைக் காட்டுவார்.

கட்டங்களை அச்சகத்தின் மாதிரிக்கு விடாதீர்கள். 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வரிச்சலுகை பெற்ற அறக்கட்டளைக்காகப் பிரிப்பதானால் பான் எண்ணுக்குப் பத்துக் கட்டம் வேண்டும். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை இல்லை; இதை ரசீதின் அடியிலேயே அச்சிட்டால் வாக்குவாதம் மிச்சம். யு.பி.ஐ.யில் வரும் பணத்துக்கு 12 இலக்கப் பரிவர்த்தனை எண் எழுத இடம் விடுங்கள். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் பெயரிலும் நிறையப் பேர் தருவார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரிடம், வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வில் பதிவு இல்லாமல் வாங்கக்கூடாது. ஆகவே ‘குடியுரிமை’ என்று ஒரு வரி கட்டாயம்.

முதல் தடவை ஊருக்கு இரண்டு என்று பத்துப் புத்தகம் போதும். குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கையில் காசில்லாத அந்த நாட்களில் கடற்கரை ஊர்களுக்குப் புத்தகத்தைக் கொடுத்தனுப்புவது பாவம். குலசேகரம் பக்கம் மழை பிடித்து ரப்பர் பால்வெட்டு நின்றாலும் இதே கதைதான்.

எழுதி முடித்த புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போடக்கூடாது. பி.வி.சி.யோடு ஒட்டிக் கிடந்தால் நகல் எழுத்து மங்கிப்போகும். வெயில் பட்டாலும் அப்படித்தான். காக்கிக் காகித உறை, மேலே ஊரும் எண் வரிசையும், பிறகு இரும்புப் பீரோ.