நத்தைக்கு மருந்தா, ஈரச்சாக்கா?

எங்கள் வீட்டுப் பின்பக்கத் தோட்டம் ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். தாம்பரத்துக்கு மேற்கே, ஒரு காலத்தில் வயலாக இருந்த இடம். நல்ல மழை பெய்தால் தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆகும். மூன்று வருடம் முன்பு ஐப்பசியில் முதல் பெரிய மழை விட்ட மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். விதைத்துப் பன்னிரண்டு நாளான தண்டுக்கீரைப் பாத்தி மொட்டையாகக் கிடந்தது. செண்டுமல்லி நாற்று எட்டில் ஆறு காணோம். புழு தின்றால் இலையில் ஓட்டை விழும், ஆடு மேய்ந்தால் குளம்புத் தடம் இருக்கும். இங்கே இருந்ததெல்லாம் கஞ்சித் தண்ணீர் காய்ந்த மாதிரி பளபளவென்று ஒரு கோடு. அது பாத்தியைச் சுற்றி, சுவரில் ஏறி, பக்கத்துக் காலிமனைக்குள் இறங்கியது.

அதற்கப்புறம் மூன்று மழைக்காலம் போய்விட்டது. உப்பு, சாம்பல், முட்டை ஓடு, செம்பு டேப், கடையில் விற்கும் குருணை மருந்து, ஈரச்சாக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாயிற்று. நான் இப்போது ஈரச்சாக்குக் கட்சி. முதலிலேயே சொல்லிவிட்டேன், நடுநிலையை எதிர்பார்த்து யாரும் மேலே படிக்க வேண்டாம்.

வருவது யார் என்று ஒரு வார்த்தை. நம் பக்கத் தோட்டங்களில் பெரும் சேதம் செய்வது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. கூம்பு மாதிரி நீண்ட ஓடு, பழுப்பில் கோடு கோடாக இருக்கும், வளர்ந்தது உள்ளங்கையை நிரப்பும். இதன் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா. நத்தை ஓடுகளைச் சேகரிப்பதில் பித்துப் பிடித்த பென்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1847இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டது, அங்கிருந்துதான் கிளம்பியது. ஒரே உடம்பில் ஆண், பெண் இரண்டும் உண்டு. ஒரு தடவைக்கு நூறிலிருந்து நானூறு முட்டை வரை மண்ணுக்குள் வைக்கும். கூடவே ஓடில்லாத கருப்பு நத்தையும் வரும். அதை இங்கே பலர் அட்டை என்கிறார்கள். அட்டை இல்லை, ரத்தம் குடிக்காது, நாற்றைத்தான் தின்னும். ராட்சத நத்தையைக் கறி வைக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. மூலத்துக்கு நல்லது என்று நம்மூரில் சாப்பிடுவது வயல் நத்தை, அது வேறு சாதி. இதில் எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் இருக்கலாம். அவை மனிதர் உடம்புக்குள் போனால் மூளையுறையில் அழற்சி வரும். அதனால் வெறுங்கையால் தொடக்கூடாது. அது ஊர்ந்த கீரையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசாமல், பச்சையாக வாயில் வைக்கவும் கூடாது.

சரி, ஒப்பீட்டுக்கு வருகிறேன். எல்லா வழிகளையும் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் நான் எடை போடுகிறேன். மழையில் அது நிற்குமா?

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. சித்திரை வெயிலில் நத்தை எங்கேயோ கல்லிடுக்கில் ஓட்டு வாயை மூடி ஒட்டிக்கொண்டு தூங்குகிறது. அப்போது நமக்கு அதோடு ஒரு வழக்கும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மண் நனைந்தால்தான் வெளியே வரும். நாம் தூவுவது, தெளிப்பது, பரப்புவது எல்லாம் அதே மழையில்தான் கரைகிறது. எதிரி வரும் நேரத்தில் கோட்டைச் சுவர் கரைந்து போகிறது என்றால் அந்தச் சுவரை எதற்குக் கட்ட வேண்டும்?

இந்தக் கேள்வியை வைத்தால் பாதிப் பட்டியல் உடனே கழிந்துவிடும். "உப்பை வாரி இறைம்மா, தானா உருகிடும்" என்றார் என் மாமியார். உருகியது உண்மைதான். இரண்டே இரண்டு உருகின. ராத்திரி மழையில் உப்பு மண்ணுக்குள் இறங்கி, அந்த மூலையில் நட்ட கத்தரி நாற்று ஓரம் கருகி நின்றது. அத்தையிடம் இன்றுவரை அதைச் சொல்லவில்லை. அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் காய்ந்திருக்கும்வரை தடுக்கும், ஒரு தூறலில் சேறு. முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் குத்தும், நத்தை தாண்டாது என்பார்கள். என் தோட்டத்தில் ஓட்டின் மேலேயே ஏறிப் போனது. இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2018இல் லெட்யூஸ் செடிகளில் முட்டை ஓடு, செம்பு டேப், கூர்மணல், மரப்பட்டை, கம்பளி உருண்டை எல்லாவற்றையும் வைத்துச் சோதித்து, எதுவுமே சேதத்தைக் குறைக்கவில்லை என்று சொன்னது. செம்பு டேப்பை நான் இரண்டு தொட்டிகளில் மட்டும்தான் ஒட்டினேன், அதுவும் ஒரு மாதம். ஆகவே அதைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன்.

உண்மையான போட்டி கடை மருந்துக்கும் சாக்குக்கும்தான்.

மருந்து என்று நான் சொல்வது மெட்டால்டிஹைடு குருணை. தவிட்டில் விஷத்தைக் கலந்து உருட்டியது. நத்தை வாசனைக்கு வந்து தின்னும். தின்றதும் அதன் வழுவழுப்பைச் சுரக்கும் செல்கள் சிதைந்து, இருக்கிற ஈரத்தையெல்லாம் கொட்டித் தீர்த்து, காய்ந்து சாகும். முதல் இரவு மழை இல்லை. சாயங்காலம் தூவினேன், காலையில் பதினேழு நத்தை கவிழ்ந்து கிடந்தன. அந்த நிமிடம் யாராவது கேட்டிருந்தால் மருந்துதான் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். அள்ளுவதற்குள் போன் வந்தது, உள்ளே போய்விட்டேன். பத்து மணிக்கு ஒரு மழை. பதினொரு மணிக்கு மறுபடி வந்து எண்ணினால் பதினொன்றுதான் இருந்தன. மிச்ச ஆறும் தண்ணீரைக் குடித்துத் தெம்பு வந்து, வந்த வழியே போய்விட்டன. கோளாறு நான் வாங்கிய பாக்கெட்டில் இல்லை. இந்த மருந்தின் குணமே அதுதான். ஈரத்தை இழக்கவைத்துக் கொல்கிற மருந்து, ஈரத்துக்குப் பஞ்சமில்லாத நாளில் பாதிதான் வேலை செய்யும். அதோடு குருணையும் ஊறி, கூழாகி, மூன்றாம் நாள் பூசணம் பிடித்துவிட்டது. அந்த மழைக்காலத்தில் நான்கு தடவை மறுபடி தூவினேன்.

இரண்டாவது விஷயம் இன்னும் மோசம். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டில் நின்று கத்தினான்: "ஆன்ட்டி, மணி அங்க எதையோ நக்குறான்!" மணி அவர்கள் வீட்டு நாய்க்குட்டி. தவிடு நத்தைக்கு மட்டுமா பிடிக்கும்? ஓடிப்போய் வாயைக் கழுவி, ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போனோம். இதற்கென்று தனியாக மாற்று மருந்து கிடையாது, நடுக்கமும் வலிப்பும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வந்தால் வந்ததுக்கு வைத்தியம் என்றார். நல்லவேளை, குட்டி நக்கியது ஒன்றோ இரண்டோதான். சாயங்காலம் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. ஆனால் அந்த ஐந்து மணிநேரம் அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிரிட்டனில் 2022 முதல் இந்த மருந்தை வெளித்தோட்டத்தில் போடுவதே தடை. காட்டுயிர்களுக்கும் பறவைகளுக்கும் ஆபத்து என்பதுதான் காரணம். எங்கள் வேலிக்கு ஒரு செம்போத்து வரும். நத்தையைக் கொத்தித் தின்கிற பறவை அது. அதையும் சேர்த்துக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரும்பு பாஸ்பேட் என்று இன்னொரு குருணை இருக்கிறது. இது நாய்க்கும் பூனைக்கும் அவ்வளவு ஆபத்தில்லாதது. தின்ற நத்தை சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பொந்துக்குள் போய்ச் சில நாளில் சாகும், மிச்சம் மண்ணுக்கு உரமாகும். விலை கூட, எங்கள் பக்கம் கடைகளில் கிடைக்கவில்லை, ஆன்லைனில் வரவழைத்தேன். ஒரே ஒரு பாக்கெட், ஒரே ஒரு சீசன். பிணம் கண்ணில் படாததால் எத்தனை செத்தன என்று எண்ண முடியவில்லை, நாற்று மட்டும் ஓரளவு தப்பியது. மருந்து போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் இதைப் போடுங்கள் என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. கேரளத்தில் புகையிலைக் கஷாயத்தையும் மயில்துத்தத்தையும் (காப்பர் சல்பேட்) கலந்து தெளிக்கச் சொல்கிறார்கள். தோப்புக்கும் மதிலுக்கும் சரி, நாளைக்குப் பறித்துக் கடையப்போகும் கீரைமேல் நான் அடிக்க மாட்டேன்.

இப்போது சாக்கு. பழைய சணல் சாக்கு, அரிசி மண்டியில் முப்பது ரூபாய் கொடுத்து வாங்கியது. பிளாஸ்டிக் சாக்கு உதவாது. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் தண்ணீரில் முக்கி, இரண்டாக மடித்து, பாத்தி ஓரத்தில் இரண்டு செங்கல் துண்டு வைத்து அதன்மேல் போடுவேன். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும். உள்ளே மார்க்கெட்டில் கழித்துப் போடும் முட்டைக்கோஸ் வெளித்தழை, பப்பாளி இலை. மேல்நாடுகளில் இதற்குப் பீர் வைப்பார்கள். புளித்த வாசனைக்குத்தான் நத்தை வருகிறது என்பதால், நான் புளித்துப்போன இட்லி மாவைத் தண்ணீரில் கரைத்துத் தழைமேல் தெளித்தேன். தெளிக்காத சாக்கைவிடத் தெளித்த சாக்கில் கூட்டம் அதிகம். டாஸ்மாக் வாசலில் நின்று நத்தைக்கு வாங்குகிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

நத்தை சாக்குக்கடியில் வருவது தின்பதற்கு மட்டும் இல்லை. ராத்திரி முழுக்க மேய்ந்துவிட்டு, விடிவதற்குள் குளிர்ச்சியான இருட்டைத் தேடும். நாம் போட்டிருப்பது அதற்குப் பகல் நேரத்துத் தங்குமிடம். அதனால்தான் மழை பெய்யப் பெய்ய இது நன்றாக வேலை செய்கிறது. நனைந்த சாக்கு இன்னும் குளிரும், தழை இன்னும் அழுகும், நாற்றம் இன்னும் தூரம் போகும். என் பட்டியலில் மழையால் கெடாதது இது ஒன்றுதான். ஒரே நிபந்தனை, வேறு தங்குமிடம் இருக்கக்கூடாது. மட்டை, தேங்காய்ச் சிரட்டை, உடைந்த தொட்டி, செங்கல் அடுக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். நான் முதலில் செங்கல் அடுக்கை அப்படியே விட்டிருந்தேன். சாக்கில் நான்கு, செங்கலில் நாற்பது.

காலை ஏழு மணிக்குள் கையுறை போட்டுச் சாக்கைப் புரட்டி, இடுக்கியால் எடுத்து, கல்லுப்பு கரைத்த வாளியில் போட்டு மூடிவிடுவேன். அந்தத் தண்ணீரைப் பாத்திப் பக்கம் கொட்டக்கூடாது. செத்ததும் தோட்டத்துக்கு வெளியே ஒன்றரை அடிக் குழியில் போட்டு, சுண்ணாம்பு தூவி மூடல். சுவருக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம், அது நடந்தே திரும்பி வரும். முதல் வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச்சோடும் ஒரு சுற்று போனேன். முதல் நாள் இரண்டும் சேர்த்து 73. பத்தாம் நாள் 22. மூன்றாவது வாரத்தில் ஒற்றை இலக்கம். சாக்கை எடுக்கும்போது அடியில் இருக்கும் மண்ணையும் விரலால் கீறிப் பார்க்க வேண்டும். வெளிர்மஞ்சளில் ஜவ்வரிசி மாதிரி குவியலாக இருந்தால் அதுதான் முட்டை. அதை அள்ளி வாளியில் போடும் காலைகளில் எனக்குக் காபி தனி ருசியாக இருக்கும்.

சாக்கிலும் குறை உண்டு. ஒரு காலையும் தவறக்கூடாது. போன தீபாவளிக்கு ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்து வந்தேன். சாக்கை எடுத்துவிட்டுப் போக மறந்திருந்தேன். நானே கட்டிக்கொடுத்த சத்திரத்தில் குடும்பமாகத் தங்கிச் சாப்பிட்டு, மூன்று இடத்தில் முட்டையும் வைத்திருந்தன. இடையில் ஐந்தாறு நாள் வெயில் அடித்தால் சாக்கு காயும், தினமும் நனைக்க வேண்டும். பத்து சென்ட், இருபது சென்ட் தோட்டக்காரருக்கும் வாரம் ஒருமுறைதான் பண்ணை வீட்டுக்குப் போகிறவருக்கும் இது சரிவராது. அவர்கள் இரும்பு பாஸ்பேட் பக்கம் போவதில் நியாயம் இருக்கிறது. வாத்து வளர்க்கலாமே என்பவர்களுக்கு: நான் வளர்த்ததில்லை. தெரிந்தவர் வீட்டில் வாத்து நத்தைக் குஞ்சையும் தின்றது, கீரையையும் தின்றது.

இந்த வருடம் ஐப்பசி முழுக்கக் கணக்கு ஒற்றை இலக்கத்திலேயே நின்றது. நானும் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை காலிமனைக்காரர் ஆள் வைத்துப் புல்லையெல்லாம் சுத்தமாக வெட்டினார். என்னைப் பார்த்து, "உங்களுக்காகத்தாம்மா, நத்தை வருதுன்னு சொன்னீங்களே" என்றார். மறுநாள் காலையில் சாக்கைப் புரட்டினேன். 58.