மார்ச் வசூலுக்குத் துணை யார்: ஏஜென்சியா, மென்பொருளா, உள்ளூர்ப் பெண்களா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊரிலிருந்து கீழக்கரை வரை கடலோரக் கிராமங்களில் மாலைநேரப் படிப்பகங்கள் நடத்தும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. நன்கொடை திரட்டும் வேலைக்கு இருவர் இருக்கிறார்கள். ஜனவரி பிறந்துவிட்டால் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. நன்கொடைக்காக 80ஜி பிரிவில் வருமான வரிக்கழிவு வேண்டுபவர்கள் மார்ச் 31-க்குள் பணம் அனுப்பியாக வேண்டும். 2025-ல் ரமலான் நோன்பும் மார்ச்சிலேயே வந்ததால், கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து ஜகாத் (இஸ்லாமியர்களின் கடமையான தானம்) பணமும் அதே வாரங்களில் வந்து குவிந்தது. துணைக்கு ஆள் வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. யாரைச் சேர்ப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது.

நன்கொடை திரட்டித் தரும் நகரத்து ஏஜென்சி ஒன்றிடம் பேசினோம். தொலைபேசியில் பேசப் பயிற்சி பெற்றவர்கள். நமக்குத் தெரியாத புதிய கொடையாளர்களைப் பிடித்துத் தருவார்கள். வசூலில் ஒரு பங்கு அவர்களுக்கு. நன்கொடை மென்பொருளைச் செய்துகாட்டச் சொல்லியும் பார்த்தோம். பணம் வந்தவுடன் ரசீது தானாகப் போய்விடுகிறது, கணக்கும் ஏறிவிடுகிறது. இரண்டிலும் உள்ள வசதி வெளிப்படை. ஆனாலும் மகளிர் குழுவில் கணக்கு எழுதிப் பழகிய இரண்டு பெண்களைப் பிப்ரவரி முதல் மே முடிய பகுதிநேர வேலைக்குச் சேர்த்தோம்.

முடிவைத் தீர்மானித்தது மே 31. வசூல் மார்ச்சோடு முடிந்தாலும் வேலை முடிவதில்லை. ஒவ்வொரு கொடையாளரின் பெயர், முகவரி, பான் எண், தொகை, பணம் வந்த வழி எல்லாவற்றையும் வருமான வரித் துறைக்கான 10பிடி படிவத்தில் ஏற்றி, 10பிஇ என்னும் நன்கொடைச் சான்றிதழை மே 31-க்குள் அவர்கள் கையில் சேர்க்க வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். அதற்குமேல் 10,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதத்துக்கும் இடமுண்டு. சான்றிதழ் இல்லாவிட்டால் கொடையாளருக்கு வரிக்கழிவும் கிடைக்காது. அடுத்த ஆண்டு அவர் நம் பக்கம் திரும்பிப் பார்ப்பாரா? ஏஜென்சியின் ஒப்பந்தமோ மார்ச் 31-ஓடு முடிகிறது. பான் எண் வாங்கித் தருவது தங்கள் பொறுப்பில் வராது என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பான் எண்ணில்தான் பாடு அதிகம். வங்கிக் கணக்கில் யுபிஐ வழி வந்த தொகைக்கு எதிரே பாதிப் பெயர்தான் இருக்கும். மகன் கணக்கிலிருந்து பணம் வந்திருக்கும், தந்தை பெயரில் ரசீது கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் வரும் எண்ணில் சுழியமும் ஆங்கில 'ஓ'வும் இடம் மாறியிருக்கும். பான் எண்ணில் பத்து இடங்கள்: முதலில் ஐந்து எழுத்து, பிறகு நான்கு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. தனிநபர் என்றால் நான்காவது எழுத்து 'பி'. இதை ஒருமுறை சொல்லிக்கொடுத்ததும் அந்தப் பெண்கள் பட்டியலைப் பார்த்த பார்வையிலேயே பிழைகளைப் பிடித்தார்கள். அவர்களில் கீழக்கரையைச் சேர்ந்தவர், அண்ணனை அழைக்கும் ஊர் வழக்கில், "காக்கா, கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எதிர்முனையில் சந்தேகமே எழுவதில்லை. முன்பின் தெரியாத நகரத்துக் குரலுக்கு யாரும் பான் எண் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது.

வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பணம் வரும் கரை இது. அனுப்புபவர் இந்தியக் குடிமகனா, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவரா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் சிக்கல் வரும். குடும்பத்தை அறிந்தவர்களுக்கு இதைக் கேட்பது எளிது.

இன்னொரு பொருத்தமும் அமைந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலை நம்பிய வீடுகளில் வருமானம் நின்றுபோகும். இருவரில் ஒருவருடைய கணவர் படகுத் தொழிலாளி. எங்களுக்குக் கைகள் அதிகம் தேவைப்படும் மே மாதத்தில்தான் அந்த வீட்டுக்கும் சம்பளம் அதிகம் தேவைப்படுகிறது. கடற்கரைப் பிள்ளைகளுக்காகத் திரட்டிய பணத்தில் ஒரு பகுதி இப்படிக் கடற்கரை வீட்டுக்கே போவது எனக்குப் பெரிய நிறைவு.

குறையும் உண்டு. புதிய கொடையாளர்களை இவர்கள் அதிகம் கொண்டுவரவில்லை; அது ஏஜென்சியின் பலம். சென்னையிலும் பெங்களூரிலும் ஆயிரக்கணக்கான கொடையாளர்கள் இருக்கும் அமைப்புக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். மென்பொருளைப் பற்றியும் செய்துகாட்டியதைப் பார்த்த அளவுக்குத்தான் சொல்ல முடியும். முழுப் பருவம் பயன்படுத்தியவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும். பட்டியல் சுத்தமாக இருந்தால் அது நன்றாகவே உதவும் என்று நினைக்கிறேன்; அடுத்த ஆண்டு இதே பெண்களின் கையில் அதையும் கொடுத்துப் பார்க்க எண்ணம்.

ஆள் எடுப்பதாக இருந்தால் பிப்ரவரி முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். மார்ச் நெருக்கடிக்குள் புதியவருக்கு வேலை சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. சம்பளத்தை வசூலோடு முடிச்சுப் போடாமல் மாதச் சம்பளமாக, மே கடைசி வரை பேசிவிடுங்கள்.