25 வருட வாரண்டி, ஒரு வருடம்கூடத் தாங்காத லேமினேட் தரை

புது வீட்டுக்கு லேமினேட் தரை போடுவதாக இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கட்டட வேலை இப்போதுதான் முடிந்து, சாவி கைக்கு வந்து, சீக்கிரம் குடிபோய்விட வேண்டும் என்று துடிப்பவர்கள் கண்டிப்பாகப் படிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஹால், படுக்கையறைகள், நடை என எல்லா இடத்திலும் போட்ட தரை ஒரு வருடம் முடிவதற்குள் பாழாகிவிட்டது. வாரண்டி அட்டையில் 25 வருடம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்த அட்டையோடு கடையில் போய் நின்றபோது பணமும் கிடைக்கவில்லை, மாற்றுப் பலகையும் கிடைக்கவில்லை. "தண்ணீர் ஊற்றிக் கழுவினீர்களா?" என்ற கேள்விதான் கிடைத்தது.

முதலில், வாங்கும்போது கடையில் செய்து காட்டிய சோதனை. மாதிரிப் பலகை ஒன்றை மேசையில் வைத்து, சாவியை அழுத்திப் பிடித்து இழுத்தார் விற்பனையாளர். கோடே விழவில்லை. "ஏசி 4 சார். ஆபீசுக்குப் போடுகிற சரக்கு. வீட்டில் எத்தனை வருடம் நடந்தாலும் தேயாது" என்றார். லேமினேட்டின் மேல்பரப்பு உண்மையிலேயே கெட்டியானதுதான். மெலமைன் பிசினில் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் கலந்த மெல்லிய படலம் அது. அதன் கீழே மரம் மாதிரி அச்சடித்த காகிதம். அதற்கும் கீழே எச்டிஎஃப், அதாவது மரநாரைப் பிசினோடு சேர்த்துச் சூட்டில் அழுத்திச் செய்த பலகை. பலகையின் கனத்தில் கிட்டத்தட்ட முழுதும் இதுதான். அடிப்பக்கம் பலகை வளையாமல் இருக்க இன்னொரு தாள்.

ஏசி 3, ஏசி 4, ஏசி 5 என்ற எண்கள் ஐரோப்பாவின் இஎன் 13329 தரத்தில் வருபவை. உப்புத்தாள் சுற்றிய சக்கரங்களை மேலே உருட்டி, அச்சு தேய ஆரம்பிக்கும்வரை எத்தனை சுற்று தாங்குகிறது என்று பார்த்து அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். மேல்பரப்பு எவ்வளவு உழைக்கும் என்பதற்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். பலகையும் பலகையும் சேரும் மூட்டு தாங்குமா, அடியிலிருந்து ஈரம் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் தரை போனது மூட்டில்தான். மேலே இன்றைக்கும் சாவியால் கீறினால் கோடு விழாது.

குடிவந்து சில மாதங்களிலேயே பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் வெறுங்காலில் நடந்தால் ஒரு மூட்டு காலில் தட்டுப்பட ஆரம்பித்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. மாலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால், ஒவ்வொரு பலகையின் இரண்டு ஓரமும் நடுவைவிட மேலே எழும்பி நிற்பது தெரிந்தது. அப்புறம் ஹாலின் நீளவாக்கில் இருந்த மூட்டுகள் ஒவ்வொன்றாக அப்படி ஆயின. எழும்பிய ஓரத்தில் துடைப்பம், நாற்காலிக் கால், செருப்பு என்று எல்லாம் உரச, மேல்படலம் சிம்பு சிம்பாகப் பெயர்ந்து உள்ளே இருந்த பழுப்பு நார் வெளியே தெரிந்தது. நடையில் வேறு பிரச்சினை. தரையே நடுவில் தூக்கிக்கொண்டு, காலை வைத்தால் அமுங்கி, எடுத்தால் எழும்பியது.

கடையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே போனில் படம் எடுத்தார். "ஈரத்தால் ஏற்பட்ட சேதம், வாரண்டியில் வராது" என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டார். நாங்கள் போடவில்லை. நீங்களும் போடாதீர்கள். அந்த ஒரு வரியில், ஈரத்தைக் கொண்டுவந்தது வீட்டுக்காரர்தான் என்று நாமே ஒப்புக்கொள்வதாக ஆகிவிடும். எங்கள் வீட்டில் நன்றாகப் பிழிந்த மாப் தவிர வேறு எதுவும் அந்தத் தரையில் பட்டதில்லை.

அதனால், கடைக்குச் சம்பந்தமில்லாத, தரை வேலையில் பழகிய ஒரு தச்சரை அழைத்துவந்து ஜன்னல் பக்கச் சுவரோரம் பிரித்துப் பார்த்தோம். இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

சுவரின் அடியோரம் ஓடும் ஸ்கர்ட்டிங் சட்டத்தை எடுத்ததும் முதலில் தெரிந்தது, பலகைகள் சுவரில் இடைவெளியே இல்லாமல் முட்டிக்கொண்டிருந்ததுதான். முட்டிய இடத்தில் சுவர்ப்பூச்சு பொடிந்திருந்தது. முதல் வரிசையைக் கழற்றி ஒரு பலகையைத் திருப்பினார் தச்சர். அடிப்பக்கம் ஓரத்தில் கருத்துப்போய், மக்கிய வாடை அடித்தது. கனம் அளக்கும் வெர்னியர் கருவியில் அளந்தால் நடுவில் 8 மில்லிமீட்டர். ஓரத்தில் 9-க்கும் மேல். மரநார் ஒருமுறை ஈரத்தில் ஊதிவிட்டால், காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அதனால்தான் "வெயில் காலம் வந்தால் தானாகச் சரியாகிவிடும்" என்று கடையில் சொன்ன சமாதானம் செல்லாது.

அடுத்து, பலகைக்கு அடியில் மெத்தை மாதிரி விரித்திருந்த ஃபோம் ஷீட்டைத் தூக்கினார். அதன் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். சிமெண்ட் தளம் அந்த இடத்தில் கறுத்திருந்தது. ஃபோமுக்கும் சிமெண்ட்டுக்கும் நடுவில், ஈரம் மேலே ஏறாமல் தடுக்க ஒரு பாலித்தீன் ஷீட் இருந்திருக்க வேண்டும். இல்லை. பக்கத்து அறையில் பிரித்தோம், அங்கும் இல்லை. ஆனால் எங்கள் பில்லில் "ஈரத்தடுப்பு ஷீட்" என்று தனி வரி இருக்கிறது, வீட்டின் முழுப் பரப்புக்கும் கணக்குப் போட்டுப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

இன்னும் இருக்கிறது. பில்லில் "தளம் மட்டம் செய்தல்" என்று இன்னொரு வரி. நடையில் தரை அமுங்கிய இடத்தைப் பிரித்தபோது, பள்ளத்தில் அட்டைப் பெட்டித் துண்டுகளை மடித்து வைத்திருந்தார்கள். பலகை வந்த அதே பெட்டியின் அட்டை. மேலே அச்சடித்த எழுத்து பாதி தெரிந்தது. ஈரத்தில் ஊறிக் கூழாகியிருந்தது. சிமெண்ட் தளத்தில் 2 மீட்டர் நீளத்துக்கு நேரான சட்டத்தை வைத்துப் பார்த்தால் மேடுபள்ளம் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்த வேலையில் பொதுவாகச் சொல்லும் அளவு. அதற்கு மேல் இருந்தால் மட்டப்படுத்தும் கலவை ஊற்ற வேண்டும். அட்டையைத் திணித்து மூடியதற்குக் கூலி வாங்கியவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மீதியிருந்த ஒரு பெட்டி பரணில் இருந்தது. அதன் பக்கவாட்டு லேபிளில் ஏசி 3, வகுப்பு 31 என்று இருக்கிறது. வகுப்பு என்பது எவ்வளவு புழக்கம் உள்ள இடத்துக்கு அந்தத் தரை ஏற்றது என்று சொல்லும் எண். பில்லில் ஏசி 4. ஏசி 4 என்றால் வகுப்பு 32 என்று இருக்க வேண்டும். எங்கள் தரை கெட்டதற்கு இது காரணம் இல்லை. ஆனாலும் விலை ஒன்றுக்கு, சரக்கு வேறொன்று.

இனி, புது வீட்டுக்காரர்கள் ஏன் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது. புதிதாகப் போட்ட சிமெண்ட் தளம் மேலே வெளுத்துக் காய்ந்த மாதிரி தெரியும். உள்ளே ஈரம் மாதக்கணக்கில் இருக்கும். நல்ல காற்றோட்டம் இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கனம் காயும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், அதுவும் முதல் 50 மில்லிமீட்டர்வரைதான். அதற்கு மேல் கனம் கூடக் கூட ரொம்ப மெதுவாகத்தான் காயும். ஜன்னல் கதவெல்லாம் சாத்தி வைத்த வீட்டில் இன்னும் தாமதமாகும். அந்த ஈரம் வெளியேற மேலே மட்டும்தான் வழி. அங்கே மரநார்ப் பலகையைப் பரப்பிவிட்டால், அது பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும்.

இதை அளக்கக் கருவி உண்டு. தளத்தில் சிறு துண்டைப் பெயர்த்துப் பொடியாக்கி, கால்சியம் கார்பைடோடு மூடிய குப்பியில் குலுக்கினால், ஈரத்தின் அளவுக்கு ஏற்ப வாயு உண்டாகி அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தை வைத்து ஈரத்தைச் சதவீதத்தில் சொல்வார்கள். சிமெண்ட் தளத்தில் இது 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று பல லேமினேட் கம்பெனிகளின் குறிப்புத்தாளிலேயே இருக்கிறது. கருவி இல்லாவிட்டாலும், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். ஷீட்டின் உள்பக்கம் நீர்த்துளி பூத்திருந்தாலோ, அடியில் சிமெண்ட் கறுத்திருந்தாலோ தரை போடும் பேச்சே கூடாது. ஒன்றும் தெரியவில்லை என்றாலும் அதை மட்டும் நம்பாமல் கருவியால் அளக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ஆழத்தில் இருக்கும் ஈரத்தை ஷீட் காட்டாமல் போகலாம். எங்கள் வீட்டில் ஷீட்டும் ஒட்டவில்லை, கருவியும் வரவில்லை. வேலைக்கு வந்தவர் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு "காய்ந்துவிட்டது" என்றார்.

ஈரமே இல்லாத வீட்டிலும் இந்தப் பலகைகள் காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். லேமினேட் தரையைச் சிமெண்ட்டில் ஒட்டுவதோ ஆணி அறைவதோ இல்லை. ஒன்றோடொன்று கோத்து அப்படியே மேலே கிடக்கும் தரை அது. அதனால் சுற்றிலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். கதவு நிலைக்கும் குழாய்க்கும் பக்கத்திலும் வேண்டும். ஸ்கர்ட்டிங் அந்த இடைவெளியை மறைத்துவிடும். அறைக்கு அறை வாசலில் தரையைப் பிரித்து, விரிய விட்ட இடைவெளியை மூடும் விரிவுப் பட்டை போட வேண்டும். எங்களுக்கு எல்லா அறையையும் ஒரே ஓட்டமாக, பட்டையே இல்லாமல் போட்டார்கள். "நடுவில் பட்டை வந்தால் அழகு கெட்டுவிடும்" என்று அதையே பெருமையாகச் சொன்னார்கள். போதாததற்கு, அவர்களே செய்த அலமாரியை அந்தத் தரைமேல் நிறுத்தி, கதவுத் தடுப்பானைத் தரையில் ஸ்குரூ போட்டு இறுக்கினார்கள். நகர வேண்டிய தரையை இரண்டு பக்கமும் பூட்டினால் அது நடுவில் எழும்பாமல் என்ன செய்யும்? பெட்டிகளை 48 மணி நேரமாவது அதே அறையில் கிடத்தி வைத்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்பதும் நடக்கவில்லை. காலையில் வண்டியிலிருந்து இறக்கிய பெட்டியை உடனே பிரித்து வெட்ட ஆரம்பித்தார்கள்.

வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள். எங்கள் அட்டையில் 25 வருடம் என்பது மேல் அச்சு முழுதாகத் தேய்ந்து போவதற்கு மட்டும். ஈரம், ஊதுதல், மூட்டுச் சிம்பு, கீறல், பள்ளம் எதுவும் சேராது. கூலியும் சேராது. "எங்கள் குறிப்புப்படி போட்டிருந்தால் மட்டும்" என்ற வரியும் இருக்கிறது. இதை வைத்து மூன்று பேரும் கைகழுவுகிறார்கள். கம்பெனி, போட்டவர் தவறு என்கிறது. கடை, ஈரத்தின் தவறு என்கிறது. போட்டவரோ, தான் கூலிக்கு வந்தவர், ஷீட்டும் மட்டக்கலவையும் தன் கையில் கொடுக்கப்படவே இல்லை என்கிறார். அவர் சொல்வதை நான் நம்புகிறேன்.

"வாட்டர்ப்ரூஃப்" என்று போட்ட பெட்டிகளுக்கும் இது பொருந்தும். பெரும்பாலும் அந்தச் சொல், மேலே சிந்திய தண்ணீர் மூட்டுக்குள் இறங்காமல் 24 மணி நேரம், 48 மணி நேரம் என்று தாங்குவதைத்தான் சொல்கிறது. கீழிருந்து வரும் ஈரம் வேறு கதை.

இதையெல்லாம் படித்துவிட்டு லேமினேட்டே மோசம் என்று நினைக்க வேண்டாம். 1977-இல் ஸ்வீடனில் உருவான பொருள், ஒழுங்காகப் போட்ட வீடுகளில் வருடக்கணக்கில் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் மரத்தரை மாதிரி இழைத்துப் புதுப்பிக்க முடியாது. ஊதிய பலகையை மாற்றத்தான் வேண்டும். அதுவும் பக்கத்துச் சுவர்வரை வரிசையாகக் கழற்றி. அதே நிறம், அதே மூட்டு வகை பிறகு கிடைப்பது அரிது என்பதால் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி, லேபிளைக் கிழிக்காமல் வையுங்கள். எங்களுக்கு அந்த லேபிள்தான் ஆதாரமாக உதவியது.

வேலை நடக்கும்போது ஒரே ஒரு கட்டத்தில் மட்டுமாவது பக்கத்தில் நில்லுங்கள்: ஃபோம் விரிப்பதற்கு முன். பாலித்தீன் ஷீட் 200 மைக்ரான் கனமாவது இருக்கிறதா, ஒன்றின்மேல் ஒன்று 20 சென்டிமீட்டர் ஏறி டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, அறை அறையாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரம் எவ்வளவு இருந்தது என்ற எண்ணையும் தேதியையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மூடிய பிறகு எதையும் நிரூபிக்கத் தரையை உடைக்க வேண்டியிருக்கும்.

பிரித்தபோது எடுத்த படங்கள், வெர்னியர் அளவு, பில் நகல், கம்பெனியின் குறிப்புத்தாள் எல்லாவற்றையும் சேர்த்துக் கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறோம். அதற்குப் பிறகுதான் பேச்சின் தொனி மாறியது. ஹாலில் கெட்ட பலகைகளை மட்டும் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். மறுத்துவிட்டோம், அதே ஈரத் தளத்தில் புதுப் பலகையைப் போட்டால் அதுவும் ஊதத்தான் போகிறது. போடாத ஷீட்டுக்கும் செய்யாத மட்ட வேலைக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும், முழுத் தரையையும் எடுத்து, தளம் காய்ந்ததை அளந்து காட்டிய பிறகு பில்லில் உள்ள தரத்தில் புதிதாகப் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். இல்லையென்றால் நுகர்வோர் வழக்குதான். அவர்கள் எழுத்தில் பதில் தந்ததும் அதையும் இங்கே சேர்க்கிறேன்.