மாத்திரை சேரவில்லை என்று எழுதிக்கொடுக்க ஒரு படிவம்

முக்கூடலில் பீடி சுற்றும் என் சித்திக்குக் கழுத்துவலி புதிதன்று. சென்ற கோடையில் வலி கூடியபோது மெடிக்கலில் கேட்டு ஆறு வலி மாத்திரைகளை வாங்கி, இரவுக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் முதுகிலும் கைகளிலும் சிவந்த தடிப்புகள் எழும்பி அரித்தபோதும், வெயில் சூடு என்று நுங்கும் பதநீரும் சாப்பிட்டாரே தவிர மாத்திரையை நிறுத்தவில்லை. மருத்துவர் நிறுத்தச் சொன்ன பிறகே தடிப்புகள் வடிந்தன. "எனக்கு அந்த மாத்திரை சேரல" என்பதோடு சித்தி அதை முடித்துக்கொண்டார். நான் அதைப் பதிவு செய்துவிட விரும்பி, மருந்துகளின் பக்க விளைவுகளைத் திரட்டி ஆராயும் இந்திய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் நோயாளர் படிவத்தைப் பயன்படுத்திப் பார்த்தேன்.

2010இல் டெல்லி எய்ம்ஸை மையமாகக் கொண்டு தொடங்கிய இத்திட்டத்தை 2011 முதல் காசியாபாத்தில் உள்ள, மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் அரசு அமைப்பான இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் நடத்துகிறது. நோயாளிகளே நிரப்பத்தக்க படிவம் தமிழிலும் கிடைக்கிறது என்பதே இச்சேவையின் முதல் சிறப்பு. நோயாளியின் முழுப் பெயரைக் கேட்பதில்லை, முதலெழுத்துகள் போதும். மருந்தை எப்போது தொடங்கினீர்கள், எப்போது நிறுத்தினீர்கள், தொந்தரவு அன்றாட வேலையைப் பாதித்ததா, மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்ததா என்பன போன்ற கேள்விகளுக்குச் சித்தியே தடையின்றிப் பதில் சொன்னார். மருந்தைப் பரிந்துரைத்தவர் யார் என்ற கேள்விக்கு மருத்துவர், மருந்தாளுநர், நண்பர் அல்லது உறவினர், தாமாகவே என்று கட்டங்கள் இருக்கின்றன. "மெடிக்கல்காரத் தம்பிதான்" என்றார் சித்தி. அந்தத் தம்பி மருந்தாளுநரா, கடையில் நிற்கும் பையனா என்பது எங்கள் இருவருக்கும் தெரியாததால் அந்தக் கட்டத்தில் பேனா சற்று நேரம் நின்றது.

உண்மையான சிக்கல் தயாரிப்புத் தொகுதி எண்ணில்தான் (பேட்ச் நம்பர்) வந்தது. அட்டையைக் கத்தரித்து இரண்டும் நான்குமாக விற்பது நம் பக்கத்துக் கடைகளில் வழக்கம். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு முனையில் மட்டுமே அச்சாகியிருக்கும். அந்த முனை கடையிலேயே தங்கிவிட, சித்தியிடம் எஞ்சியிருந்த துண்டில் மருந்தின் பெயரிலும் பாதிதான் இருந்தது. நல்லவேளையாக, நோயாளி, தகவல் தருபவர், சந்தேகப்படும் மருந்து, ஏற்பட்ட விளைவு ஆகிய நான்கும் தெரிந்தாலே அறிக்கை செல்லும். மருந்தின் பெயரைக் கடையில் கேட்டு உறுதி செய்துகொண்டு, தொகுதி எண்ணின் இடத்தை வெறுமையாக விட்டு, ஒரு மருத்துவக் கல்லூரியில் இயங்கும் கண்காணிப்பு மையத்தில் கொடுத்தோம்.

இதிலிருந்து சிகிச்சையோ இழப்பீடோ எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். நம் அறிக்கை தன்னளவில் எந்த மருந்தையும் குற்றவாளியாக்குவதில்லை. கொடுப்பவருக்குச் சட்டச் சிக்கலும் இல்லை. சுவீடனின் உப்சாலாவில் பராமரிக்கப்படும் உலக சுகாதார நிறுவனத்தின் தரவுத்தளத்துக்கும் இந்திய அறிக்கைகள் செல்கின்றன. ஒரே வகைத் தொந்தரவு பல ஊர்களிலிருந்து வரும்போதுதான் அதற்கு எடை கூடுகிறது. மாதவிடாய் வலிக்குப் பலரும் தாமாகவே வாங்கிப் போடும் மெஃபனாமிக் அமிலம், தோல் தடிப்போடு உள்ளுறுப்புகளையும் தாக்கும் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்று 2023 நவம்பர் இறுதியில் கமிஷன் எச்சரித்தது, இவ்வாறு சேர்ந்த அறிக்கைகளை ஆராய்ந்தே. சித்தியின் தடிப்பைச் சாதாரணம் என்று விட்டுவிட எனக்கு மனம் வராததற்கு அந்த எச்சரிக்கையும் ஒரு காரணம்.

எழுத இயலாதவர்களுக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு. வேலை நாட்களில் காலை 9 முதல் மாலை 5.30 வரை என்ற நேரம் அலுவலகத்துக்குப் பொருந்தும். பொழுது சாயும்வரை தட்டை மடியிலிருந்து இறக்காத பீடித் தொழிலாளிக்குப் பொருந்துமா என்பது ஐயமே. ஆகவே இச்சேவைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். சித்தி இப்போது மாத்திரை வாங்கும்போது, "எண் இருக்க முனையா வெட்டிக் குடு தம்பி" என்று கேட்கிறார்.